புது மனையிற் பழங் குடி

பழகிய பொருளை விட்டுப் பிரிவது எவர்க்கும் எளிதன்று. கைக்கு அடங்கிய மண்வெட்டியின் பிடியை மாற்ற உழவன் தயங்குகிறான். பல காலம் எழுதிப் பழகிய பேனாவைப் பிறர் கையிற் கொடுக்க எழுத்தாளன் அஞ்சுகிறான். கணினி விடயத்திலும் மனிதனின் இவ்வியல்பு மாறவில்லை. புதிதாக ஒரு மடிக்கணினியை வாங்கிய சில நாட்களிலேயே, "இதிற் பழைய விண்டோஸ் 7ஐப் போட்டுத் தரமுடியுமா?" என்று கேட்டுக்கொண்டு கணினிக் கடையின் படியேறுவோரை இன்றும் நாம் காண்கிறோம்.

இவர்களைப் பழமைவாதிகள் என்று நகைத்து ஒதுக்குதல் நன்றன்று. பெரும்பாலும் அவர்கள் கேட்பதற்குத் தக்க காரணம் இருக்கிறது. ஒருவர் தம் வணிகக் கணக்கை எழுதி வந்த மென்பொருள் பழைய இயங்குதளத்தில் மட்டுமே ஓடும். இன்னொருவர் பெருவிலை கொடுத்து வாங்கிய கருவி ஒன்று புதிய இயங்குதளத்துடன் பேச மறுக்கும். 2022ஆம் ஆண்டில் நமது ரூபாவின் மதிப்பு வீழ்ந்த நாள் முதலாக, இறக்குமதியாகும் கருவிகளை நினைத்தபோது மாற்றிக்கொள்ளும் வசதி நம்மவர் பலருக்கு இல்லாமற் போனதையும் மறக்கலாகாது. உள்ளதை வைத்துக்கொண்டு காலந் தள்ளுவது அவர்களுக்குப் பிடிவாதமன்று, தேவை.

ஆயினும் கேட்டவுடன் கைகூடும் காரியமும் அன்று இது. புதிய மடிக்கணினியிற் பழைய இயங்குதளத்தை நிறுவ முற்படுவோர், "வேண்டிய டிரைவர் இல்லை" என்னும் ஒரு வாசகத்தின் முன் திகைத்து நிற்கின்றனர். அந்த டிரைவர் என்பது யாது? அஃது ஏன் இல்லாமற் போகிறது? இல்லாதவிடத்துச் செய்யத்தக்கது யாது? இவற்றையே ஈண்டுச் சற்று ஆராய எண்ணுகிறோம்.

இடைநின்ற முதலியார்

கணினியின் உறுப்புகள் யாவற்றையும் ஆண்டு நடத்தும் மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். பணிசெயல் முறைமை என்பது நமது பாடநூல்கள் அதற்கு வழங்கும் பெயர். விண்டோஸ், லினக்ஸ் என்பன அவ்வினத்தவை. விசைப்பலகை, திரை, வட்டு, ஒலிபெருக்கி, வைபை ஆகிய உறுப்புகள் எல்லாம் இவ்வரசனின் ஆணைப்படி நடப்பவை. ஆனால் அரசனின் மொழி வேறு, குடிகளின் மொழி வேறு. ஒரு நிறுவனம் செய்த ஒலிச்சில்லுக்குப் புரியும் கட்டளை, மற்றொரு நிறுவனத்தின் ஒலிச்சில்லுக்குப் புரியாது.

டிரைவர் என்றவுடன் நமக்குச் சாரதியே நினைவுக்கு வருவான். ஆனால் கணினியில் அப்பெயர் பூண்டது செய்யும் வேலை வண்டி ஓட்டுவதன்று. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்திலே கச்சேரியில் ஏசண்டர் துரை ஆங்கிலம் பேசுவார். காணி வழக்குடன் வந்த கமக்காரன் தமிழ் பேசுவான். இருவர்க்கும் இடையே மொழிபெயர்ப்பு முதலியார் நின்று, துரை சொன்னதைக் கமக்காரனுக்கும், கமக்காரன் சொன்னதைத் துரைக்கும் எடுத்துரைப்பார். முதலியார் வராத நாளில் துரையும் இருப்பார், கமக்காரனும் இருப்பான், காரியம் மட்டும் நடவாது. டிரைவர் என்பது அத்தகைய முதலியாரே. இயங்குதளம் பொதுமொழியில் இடும் கட்டளையை, குறித்த ஓர் உறுப்பின் தனிமொழியில் மாற்றிச் சொல்லுகின்ற சிறு மென்பொருள் அது.

ஓர் இயங்குதளத்தை வெளியிடும்போது, அந்நாளில் வழக்கிலிருந்த உறுப்புகளுக்கு வேண்டிய டிரைவர்கள் பலவற்றை அதனுடனேயே சேர்த்து வைத்து விடுவார்கள். ஆகவே பழைய கணினியில் அது சிக்கலின்றி ஏறிவிடுகிறது. ஆனால் வெளியான நாளின் பின் பிறந்த உறுப்புகளை அது எங்ஙனம் அறியும்? 2009ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் திகதி வெளிவந்த விண்டோஸ் 7, 2015ஆம் ஆண்டிலோ 2020ஆம் ஆண்டிலோ உருவான ஒரு சில்லின் பெயரையும் கேள்விப்பட்டதில்லை. அச்சில்லைச் செய்தவர்தாம் விண்டோஸ் 7க்கென ஒரு முதலியாரைத் தேடிப் பயிற்றி அனுப்ப வேண்டும். அனுப்புவதிற் பயனில்லை என்று அவர் எண்ணிவிட்டால், அவ்வுறுப்பு ஊமையாகக் கிடக்க வேண்டியதுதான்.

முன்னரும் நடந்த கதை

இத்தொல்லை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 2001ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி மக்களிடையே பெருஞ் செல்வாக்குப் பெற்றது. 2007ஆம் ஆண்டு சனவரித் திங்களில் விஸ்ரா பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தபோது, அதன் மந்த நடை பலருக்கு உவப்பளிக்கவில்லை. விஸ்ராவுடன் வந்த புதிய மடிக்கணினியை வாங்கி, அதனை நீக்கிவிட்டு எக்ஸ்பியை ஏற்ற முயன்றோர் பலர்.

அவர்களை மறித்த தடை வட்டு. அக்காலத்துப் புதிய மடிக்கணினிகளில் வன்வட்டுகள் சாட்டா என்னும் இணைப்பு முறையில், ஏ.எச்.சி.ஐ. என்னும் புதிய ஒழுங்கில் இயங்கின. எக்ஸ்பியின் குறுந்தட்டு அவ்வொழுங்கை அறியாது. நிறுவத் தொடங்கினால், "வன்வட்டு எதுவும் இல்லை" என்று கூறும். அன்றி நீலத் திரையைக் காட்டி நின்றுவிடும். இதற்குப் பரிகாரமாக, நிறுவும் வேளையில் எவ்-6 என்னும் விசையை அழுத்தி, நெகிழ்வட்டில் உள்ள டிரைவரைக் கொடுக்கலாம் என்று ஒரு வழி இருந்தது. ஆனால் புதிய மடிக்கணினிகளில் நெகிழ்வட்டுக்கு வாயில் ஏது? பூட்டைத் திறக்கும் சாவியைப் பூட்டிய பெட்டிக்குள்ளேயே வைத்தது போலாயிற்று இது.

அந்நாளைய கெட்டிக்காரர் இரு வழி கண்டனர். ஒன்று, கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, வட்டினைப் பழைய ஐ.டி.ஈ. ஒழுங்கில் நடக்கச் செய்வது. மற்றையது, என்-லைட் போன்ற மென்பொருளின் துணைகொண்டு, டிரைவரை எக்ஸ்பியின் குறுந்தட்டுக்குள்ளேயே கலந்து புதிய தட்டொன்றை எழுதுவது. இன்று விண்டோஸ் 7க்குச் செய்யப்படும் பரிகாரங்கள் யாவும் இவ்விரண்டின் வழிவந்தவையே: புதிய கணினியைப் பழையது போல் நடிக்கச் செய்தல், அல்லது பழைய இயங்குதளத்துக்குப் புதிய மொழியைக் கற்பித்து அனுப்புதல்.

நான்கு வாயில்கள்

விண்டோஸ் 7ஐப் புதிய மடிக்கணினியில் ஏற்றுவோர் கடக்க வேண்டிய வாயில்கள் நான்கு.

முதலாவது, யூ.எஸ்.பி. வாயில். யூ.எஸ்.பி. 3 என்னும் விரைவு இணைப்பின் விதிமுறை 2008ஆம் ஆண்டின் இறுதியில் வகுக்கப்பட்டது. ஓராண்டின் பின் வெளிவந்த விண்டோஸ் 7இல் அதற்குரிய டிரைவர் சேர்க்கப்படவில்லை. 2012ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 8இலேயே அது இடம்பெற்றது. சில ஆண்டுகள் இதனால் இடைஞ்சல் பெரிதாக இல்லை. ஏனெனில் கணினிகளிற் பழைய யூ.எஸ்.பி. 2 கட்டுப்படுத்தியும் உடனிருந்தது. 2015ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 6ஆம் தலைமுறைச் செயலிகளுக்கான சில்லுத் தொகுதியில் அப்பழைய கட்டுப்படுத்தி நீக்கப்பட்டது. அதன் விளைவு விசித்திரமானது. யூ.எஸ்.பி. நினைவுக் குச்சியிலிருந்தே நிறுவல் தொடங்கும். முதற் சில நிமிடங்கள் கணினியின் அடிப்படை மென்பொருள் குச்சியைப் படித்துக் கொடுக்கும். பின்னர் விண்டோஸ் 7 தானே பொறுப்பை ஏற்கும். ஏற்றவுடன், தான் எந்தக் குச்சியிலிருந்து வந்ததோ அந்தக் குச்சியே அதன் கண்ணுக்குத் தெரியாது! குறுந்தட்டு இயக்கியின் டிரைவர் இல்லை என்று முறையிடும். குறுந்தட்டு இயக்கியே இல்லாத கணினியில் இம்முறையீட்டைக் கண்டோர் மயங்குவதில் வியப்பில்லை. யூ.எஸ்.பி. வழியாக இணைத்த சுட்டியும் விசைப்பலகையும் அவ்வேளையில் அசையா.

இரண்டாவது, வட்டு வாயில். இன்றைய மடிக்கணினிகளிற் பெரும்பாலானவை என்.வி.எம்.ஈ. என்னும் முறையில் இயங்கும் திண்ம வட்டுகளைக் கொண்டவை. இம்முறையின் முதல் விதிநூல் 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2009ஆம் ஆண்டின் விண்டோஸ் 7 இதனையும் அறியாது. பின்னர் மைக்ரோசொப்ட் நிறுவனம் கே.பி. 2990941 என்னும் இலக்கமுடைய திருத்தத்தை வெளியிட்டு இக்குறையைப் போக்கியது. ஆனால் அதனை நிறுவற் கோப்புக்குள் முன்னதாகவே சேர்த்துக் கொள்வது நம் பொறுப்பு.

மூன்றாவது, தலைவாயில். கணினியை உயிர்ப்பிக்கும் அடிப்படை மென்பொருள் முன்னர் பயோஸ் எனப்பட்டது. அதன் இடத்தில் இப்போது யூ.ஈ.எவ்.ஐ. இருக்கிறது. விண்டோஸ் 7 தொடக்கத்திலே திரையிற் படங்காட்ட, பயோஸ் காலத்துப் பழைய சேவை ஒன்றை நாடுகிறது. அதனை வழங்குவதற்காக யூ.ஈ.எவ்.ஐ.யினுள் சி.எஸ்.எம். என்னும் ஒத்திசைவுப் பகுதி வைக்கப்பட்டிருந்தது. 2020ஆம் ஆண்டளவில் இப்பழைய பகுதியை அகற்றிவிடப் போவதாக இன்ரெல் 2017ஆம் ஆண்டில் அறிவித்தது. அப்பகுதி இல்லாத மடிக்கணினியில் விண்டோஸ் 7 தொடக்கத் திரையிலேயே உறைந்து நின்றுவிடும். "செக்கியூர் பூட்" என்னும் காவலும் விண்டோஸ் 7ஐ உள்ளே விடாது. அதனையும் தளர்த்தியே ஆக வேண்டும்.

நான்காவது, நிறுவிய பின் எதிர்ப்படும் வாயில். இயங்குதளம் ஏறிவிட்டது என்று மகிழ்ந்திருக்கும்போது, வைபை வேலை செய்யாது, ஒலி வராது, தொடுபலகை அசையாது. பல புதிய மடிக்கணினிகளில் தொடுபலகை ஐ-2-சி என்னும் இணைப்பின் வழியே இயங்குவது. அதற்குரிய பொது டிரைவர் விண்டோஸ் 8 முதலாகவே உடன்வந்தது. வரைகலைச் சில்லுக்கு உரிய டிரைவர் இல்லாவிடில் திரை மங்கிய பெரிய எழுத்துகளில் தோன்றும். ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. மூடியை மூடினால் உறங்கும் வழக்கமும் இராது. மடிக்கணினி என்ற பெயரே பொருளற்றதாகிவிடும்.

இந்நான்கிற்கும் மேலாக ஆணைத் தடையும் ஒன்று உண்டு. இனி வரும் செயலிகளுக்கு விண்டோஸ் 10 மட்டுமே ஆதரவளிக்கும் என்று மைக்ரோசொப்ட் 2016ஆம் ஆண்டு சனவரியில் அறிவித்தது. 2017ஆம் ஆண்டில், இன்ரெல்லின் 7ஆம் தலைமுறைச் செயலியுள்ள கணினிகளில் விண்டோஸ் 7க்கான திருத்தங்கள் வழங்கப்படாது மறுக்கப்பட்டன. பொறியின் இயலாமையால் வந்த தடைகள் முன்னையவை; வணிக முடிவால் வந்த தடை இது. இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் நன்று.

வேலையின் ஒழுங்கு

இவ்வளவும் அறிந்த பின்னரும் முயல விரும்புவோர், ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

முதற்கண், கணினியுடன் வந்த இயங்குதளத்தை அழிக்காதிருங்கள். அதனை மீட்கும் குச்சி ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆவணங்களை வேறொரு வட்டிற் பிரதி செய்யுங்கள். ஆற்றிலே காலை வைக்குமுன் மறுகரையில் நிலம் இருக்கிறதா என்று பார்ப்பது போன்றது இது.

அடுத்து, ஒவ்வோர் உறுப்பின் அடையாள எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸின் சாதனப் பட்டியலில் ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு எண்கள் உள்ளன: ஒன்று செய்தவரைக் குறிப்பது, மற்றையது உறுப்பைக் குறிப்பது. இன்ரெல் நிறுவனத்தின் எண் 8086. அந்நிறுவனம் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் அதுவே. மஞ்சள் நிறத்தில் வியப்புக்குறி இட்டு நிற்கும் உறுப்பு எதுவென்று தெரியாது விழிப்பவர்க்கு இவ்வெண்களே வழிகாட்டி. கடையில் "வைபை டிரைவர் தாருங்கள்" என்று கேட்பது, மருந்துக் கடையில் "காய்ச்சல் மருந்து தாருங்கள்" என்பது போன்றது. எண்ணைச் சொல்லிக் கேட்பதே வைத்தியர் எழுதிய சீட்டைக் காட்டுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவதாக, டிரைவர்களை மடிக்கணினியைச் செய்த நிறுவனத்திடமிருந்தோ, சில்லைச் செய்த நிறுவனத்திடமிருந்தோ மட்டும் பெறுதல் வேண்டும். "எல்லாக் கணினிக்கும் எல்லா டிரைவரும்" என்று கூவி வழங்கப்படும் பொதிகளில் வேண்டாத மென்பொருளும் தீங்கு செய்யும் மென்பொருளும் ஒளிந்து வருவதுண்டு. டிரைவர் என்பது இயங்குதளத்தின் உள்ளறை வரை செல்லும் உரிமை பெற்றது. கெட்ட முதலியார் வழக்கையே மாற்றிச் சொல்லிவிடுவார் அல்லவா? இதனாலேயே, விஸ்ரா முதலாக வந்த 64 பிற் விண்டோஸ்கள், கையொப்பமிடப்பட்ட டிரைவர்களையன்றிப் பிறவற்றை உள்ளறைக்கு அனுமதிப்பதில்லை.

நான்காவதாக, யூ.எஸ்.பி. 3 டிரைவரையும் வட்டு டிரைவரையும் நிறுவற் கோப்புகளுக்குள் முன்னதாகவே சேர்க்க வேண்டும். விண்டோஸின் டிஸ்ம் என்னும் கருவி இதற்கு உதவும். இங்கே பலர் தவறவிடும் நுட்பம் ஒன்றுண்டு. நிறுவற் குச்சியில் பூட்.விம், இன்ஸ்ரோல்.விம் என இரு கோப்புகள் இருக்கும். முன்னையது நிறுவும்போது இயங்குவது. பின்னையது வட்டில் எழுதப்படுவது. ஒன்றில் மட்டும் சேர்த்து மற்றதை விட்டுவிட்டால், நிறுவல் முடிவுவரை சென்று, மறுபடி தொடங்கும்போது கணினி பழையபடி ஊமையாகிவிடும். இரண்டிலும் சேர்த்தல் வேண்டும்.

இத்தொல்லை பழைய இயங்குதளத்துக்கு மட்டும் உரியதென்று எண்ணற்க. இன்ரெல்லின் 11ஆம் தலைமுறைச் செயலியுள்ள பல மடிக்கணினிகளில், வி.எம்.டி. என்னும் வட்டு ஒழுங்கின் காரணமாக, விண்டோஸ் 10இன் நிறுவற் குச்சியும் வட்டைக் காணாது திகைத்ததுண்டு. லினக்ஸிலும், புதிய வைபைச் சில்லைப் பழைய பதிப்பு அறியாமற் போவது வழக்கமே. காலத்தால் முந்தியது, பிந்தியதை அறியாது. இஃது இயற்கை.

ஒரு நிழற்படச் சாலை

நமக்கு அறிமுகமான அன்பர் ஒருவர் சிறிய நிழற்படச் சாலை ஒன்றை நடத்தி வருகிறார். தந்தையார் தொடங்கிய தொழில் அது. பின்னறையில் உள்ள இரும்பு அலுமாரியிற் பழைய படச்சுருள்கள் உறைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் உறையிலும் தந்தையாரின் கையெழுத்திற் பெயரும் திகதியும் உண்டு. திருமணங்கள், பிறந்தநாட்கள், அடையாள அட்டைக்கு எடுத்த முகங்கள். இடப்பெயர்வுகளில் வீட்டையும் அல்பத்தையும் ஒருசேர இழந்த குடும்பங்கள் பல, இன்று அந்த அலுமாரியைத் தேடி வருகின்றன. தாயின் முகத்தை ஒரு படத்திலேனும் காணமாட்டோமா என்று வருவோருக்கு அவ்வுறைகளே கடைசி நம்பிக்கை.

அச்சுருள்களைக் கணினிக்கு மாற்ற அவர் வைத்திருந்த படச்சுருள் வருடிக்கு 32 பிற் டிரைவர் மட்டுமே உண்டு. விண்டோஸ் 7க்கு மேல் அதனைச் செய்தவர் வேறு டிரைவர் வெளியிடவில்லை. விண்டோஸ் 11இல் 32 பிற் பதிப்பே இல்லை. 64 பிற் இயங்குதளமோ 32 பிற் டிரைவரை ஏற்காது. அவருடைய பழைய கணினி நாளுக்கு இருமுறை தானே அணையத் தொடங்கியிருந்தது. மறுபுறம், அசெற்றேற்றுச் சுருள்கள் சில புளித்த காடி மணம் வீசத் தொடங்கியிருந்தன. அம்மணம் சுருள் சிதையத் தொடங்கியதன் அறிகுறி, தொடங்கியபின் நிற்பதில்லை, விரைவதே வழக்கம். கணினிக்கும் சுருளுக்கும் இடையே யார் முன்னர் போவது என்ற போட்டி நடந்துகொண்டிருந்தது.

இந்நிலையில் வெளிநாட்டிலுள்ள மருமகன் ஒரு புதிய மடிக்கணினியை அனுப்பி வைத்தார். கடைக்காரர் மூன்று நாள் முயன்றார். யூ.எஸ்.பி. வாயிலைக் கடந்தார், வட்டு வாயிலையும் கடந்தார், தலைவாயிலில் நின்றுவிட்டார். அம்மடிக்கணினியில் சி.எஸ்.எம். என்னும் பகுதியே இல்லை. "மாஸ்ரர், புதுசு பழசை ஏற்காதாம். இனி இந்தப் படங்களின்ர கதி என்ன?" என்று அன்பர் நம்மிடம் கேட்டபோது, அவர் கேட்டது கணினியைப் பற்றியதன்று என்பது நமக்கு விளங்கிற்று.

பெட்டிக்குட் பெட்டி

சுவரை முட்டுவோர் ஒருபுறம் இருக்க, வாயில் வேறெங்கேனும் உண்டா என்று சுற்றிப் பார்த்தல் அறிவுடைமை. உண்மையில் அன்பருக்கு வேண்டியது விண்டோஸ் 7 மடிக்கணினியன்று. வருடி வேலை செய்வதே அவருக்கு வேண்டியது. இரண்டும் ஒன்றல்ல.

கணினிக்குள்ளே ஒரு பாவனைக் கணினியை உண்டாக்கும் மென்பொருள்கள் உள்ளன. வேர்ச்சுவல்பொக்ஸ் என்பது அவற்றுள் விலையின்றிக் கிடைப்பது. புதிய இயங்குதளம் இருந்தபடியே இருக்க, அதனுள் ஒரு சாளரத்திற் பழைய இயங்குதளம் ஓடும். இதிலுள்ள சூட்சுமம் யாதெனில், பாவனைக் கணினி தன்னைப் பழைய கணினியாகவே காட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் விண்டோஸ் 7 காண்பது இன்றைய சில்லுகளையன்று. அது நன்கறிந்த பழைய சில்லுத் தொகுதியையும் பழைய வலையமைப்பு அட்டையையுமே காண்கிறது. ஆதலின் டிரைவர் இல்லை என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. இப்புதிய சில்லுகளுடன் பேசும் பொறுப்பை வெளியிலுள்ள புதிய இயங்குதளம் ஏற்றுக்கொள்கிறது. யூ.எஸ்.பி. வாயிலிற் செருகிய கருவியை, வெளியே உள்ளது தொடாது, உள்ளே உள்ளதற்கு நேரே கொடுக்கவும் முடியும்.

அன்பரிடம் தனியாக விலைகொடுத்து வாங்கிய விண்டோஸ் 7 தட்டும் அதன் உரிம இலக்கமும் பத்திரமாக இருந்தன. கணினியுடன் சேர்ந்து வந்த உரிமம் பொதுவாக அக்கணினியையே சார்ந்தது என்பதால், இதனை ஈண்டுக் குறிப்பிடுகிறோம். ஒரு மாலைப் பொழுதில் பாவனைக் கணினி அமைந்தது. 32 பிற் விண்டோஸ் 7 ஏறிற்று. வருடியின் டிரைவர் ஏறிற்று. வருடி சிறிது முனகிற்று. பின்னர் அதன் விளக்கு நகரத் தொடங்கிற்று. திரையில் மெல்ல மெல்லத் தோன்றியது, 1974ஆம் ஆண்டு ஆவணி மாதம் என்று உறையிற் குறித்த ஒரு திருமணப் படம். மணமகள் தலை குனிந்திருந்தாள். பின்னால் ஒரு சிறுவன் கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அன்பர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த உறையை எடுத்தார்.

ஒவ்வொரு கருவிக்கும் இவ்வழி பொருந்தும் என்று கூறோம். உயர்தர வரைகலை வேண்டும் விளையாட்டுகளுக்கும், கணினியினுள்ளேயே செருகப்படும் அட்டைகளுக்கும் இஃது ஏற்றதன்று. வருடிகளைப் பொறுத்தவரை வேறு வழிகளும் உள. வூஸ்கான் என்னும் மென்பொருள் தன் சொந்த டிரைவர்களைக் கொண்டு பழைய வருடிகள் பலவற்றைப் புதிய இயங்குதளங்களில் இயக்குகிறது. லினக்ஸில் சேன் என்னும் தொகுப்பும் அவ்வாறே. பழைய இயங்குதளத்தைத் தேடி அலையுமுன், நமது கருவி இவற்றின் பட்டியலில் உண்டா என்று பார்த்துவிடுவது நன்று.

காவலற்ற வீடு

பழைய இயங்குதளம் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதனை இணையத்தில் உலவ விடலாமா? கூடாது என்பதே நமது உறுதியான கருத்து.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதியுடன் முடிந்தது. பணம் செலுத்திய நிறுவனங்களுக்கு வழங்கப்பட்ட நீடித்த திருத்தங்களும் 2023ஆம் ஆண்டு சனவரி 10ஆம் திகதியுடன் நின்றன. குரோம் உலாவியின் 109ஆம் பதிப்பே அதில் இயங்கிய இறுதிப் பதிப்பு. அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் எவருமில்லை. காவற்காரன் வேலையை விட்டுப் போன வீட்டிற் கதவு திறந்தே கிடப்பது போன்றது இந்நிலை.

இதன் விளைவு எத்தகையது என்பதை 2017ஆம் ஆண்டு மே மாதம் உலகம் கண்டது. வனாக்ரை என்னும் தீநிரல் ஒரு நாளிலேயே நாடு நாடாகப் பரவி, ஆவணங்களைப் பூட்டிப் பணங் கேட்டது. இங்கிலாந்தின் அரச மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளரின் முன்குறித்த சந்திப்புகள் நிறுத்தப்பட்டன. பாதிக்கப்பட்ட கணினிகளிற் பெரும்பாலானவை விண்டோஸ் 7 ஓடியவை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களின் முன்னரே, மார்ச்சு மாதத்தில் வெளிவந்திருந்தது. அதனை இடாதிருந்தோரே இடருற்றனர். திருத்தம் இருந்தும் இடாதவர் கதி அதுவாயின், திருத்தமே வராத இயங்குதளத்தை நம்பி வங்கிக் கணக்கைத் திறப்போர் கதியை என்னென்பது?

ஆகவே பழைய இயங்குதளத்தை ஓட்டியே தீரவேண்டுமாயின், அதன் வலையமைப்புத் தொடர்பைத் துண்டித்துவிடுங்கள். அன்பரின் பாவனைக் கணினியிலும் முதலிற் செய்த வேலை அதுவே. வருடிய படங்கள் ஒரு பொது உறையின் வழியாக வெளியே உள்ள புதிய இயங்குதளத்துக்குச் செல்கின்றன. இணையமும் மின்னஞ்சலும் அங்கேதான். பழைய முதியவர் தம் அறையிலிருந்து தமக்குத் தெரிந்த ஒரு தொழிலைச் செய்கிறார். சந்தைக்குப் போவது இளையவரின் வேலை.

இனி வருவது

இவ்வினா விண்டோஸ் 7 விரும்பிகளுக்கு மட்டும் உரியதன்று. 2015ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10இன் பொது ஆதரவும் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11, ரி.பி.எம். 2.0 என்னும் காப்புச் சில்லை வேண்டுவதால், நல்ல நிலையிலுள்ள பழைய கணினிகள் பலவற்றில் அதனை முறைப்படி ஏற்ற இயலாது. முன்னர் புதிய கணினியிற் பழைய இயங்குதளம் ஏறவில்லை என்று வருந்தினோர், இப்போது பழைய கணினியிற் புதிய இயங்குதளம் ஏறவில்லை என்று வருந்துகின்றனர். ஒரே கயிற்றின் இரு முனைகள் இவை.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க படிப்பினை ஒன்றுண்டு. கருவி ஒன்றை வாங்கும்போது விலையையும் வேகத்தையும் மட்டும் கேட்டு விடுகிறோம். இதற்குரிய டிரைவரை எத்தனை ஆண்டு வழங்குவீர்கள், செய்தவர் கைவிட்டாலும் இயக்க வேறு வழி உண்டா, இதில் எழுதும் கோப்பைப் பிறிதொரு மென்பொருள் படிக்குமா என்று கேட்பவர் சிலரே. இம்மூன்று வினாக்களையும் வாங்கும் நாளிலேயே கேட்டுவிட்டால், பத்தாண்டின் பின் ஊமைக் கணினியின் முன் நிற்கும் நிலை பெரும்பாலும் நேராது.

கருவியுடன் வந்த டிரைவர்த் தட்டையும், அதன் உரிம இலக்கத்தையும், நிறுவும் முறையை எழுதிய ஒரு தாளையும் ஓர் உறையிலிட்டுக் காணி உறுதியுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். காணிக்கு உறுதி எப்படியோ, கருவிக்கு டிரைவர் அப்படி. உறுதி தொலைந்த காணியை மீட்க எத்துணைப் பாடுபட வேண்டும் என்பதை நம் நாட்டவர்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.